இருபது காலன் கடல்

வீட்டுல கடல்மீன் வளர்க்கிறேன்னு சொன்னா நம்மாளுங்க கேட்கிற முதல் கேள்வி, "குழம்புக்கா, வறுவலுக்கா?" ரெண்டுக்கும் இல்லைங்க, சும்மா பார்த்துக்கிட்டு இருக்கத்தான்னு சொன்னா, 'பையனுக்கு என்னமோ ஆயிடுச்சு'ன்னு ஒரு பார்வை. அம்மாவே போன்ல, "படிக்கப் போன ஊர்ல உனக்கு எதுக்குடா இந்த வேலை?"ன்னு கேட்டாச்சு. :-)

அதனால இந்த வார சனிக்கிழமைப் பதிவு முழுக்கத் தொட்டிப் புராணம்தான். ஆய்வுக்கூடம், பனி, பஸ், ரசம் எல்லாத்துக்கும் இன்னிக்கு லீவு.

முதல்ல ஒண்ணு தெளிவாச் சொல்லிடறேன். இது தங்கமீன் ஜாடி இல்லை. பவளத்தொட்டில மீன் ரெண்டாம்பட்சம். கதாநாயகர்கள் வேற ஆளுங்க: கல்லு, கல்லுக்குள்ள குடியிருக்கிற பாக்டீரியா, அதுக்கு மேல உட்கார்ந்திருக்கிற பவளம். பவளம் செடி இல்லை, கல்லும் இல்லை, உயிருள்ள பிராணி. அதோட சதைக்குள்ள நுண்ணிய பாசி குடியிருக்கு. வெளிச்சத்தை வச்சு அந்தப் பாசி சமைக்குது, பவளம் சாப்பிடுது. வாடகைக்குப் பதிலா சமையல்! நம்ம அபார்ட்மெண்டுல நடக்கிற அதே ஒப்பந்தம்தான்.

தொட்டி வந்த கதை

தொட்டி எனக்கு ஒரு சீனியர்கிட்ட இருந்து வந்தது. அவர் படிப்பை முடிச்சார், எதிர்பார்த்த வேலை அமையலை. மாணவர் விசாவுல படிப்பு முடிஞ்சதும் கிளம்ப 60 நாள் அவகாசம். அந்த 60 நாள்ல காரை வித்துடலாம், கட்டிலை வித்துடலாம். ஆறு வருஷமா வளர்த்த ரெண்டு கோமாளி மீனை என்ன பண்றது? ரெண்டு கடையில கேட்டார், வளர்ந்த மீனைத் திருப்பி எடுக்க மாட்டோம்னு சொல்லிட்டாங்க. கடைசியில பக்கத்து ஊர் பள்ளிக்கூட வாத்தியார் ஒருத்தர், ஏற்கெனவே தொட்டி வச்சிருக்கிறவர், வந்து வாளியில எடுத்துட்டுப் போனார். சீனியர் விமானம் ஏறுறதுக்கு நாலு நாள் முன்னாடி!

காலித் தொட்டி, ஸ்டாண்டு, விளக்கு மூணும் எனக்கு வந்துச்சு. கூடவே ஒரு கேள்வியும் வந்துச்சு. எனக்கு இன்னும் ரெண்டு வருஷப் படிப்பு பாக்கி. கோமாளி மீன் தொட்டியில பத்து வருஷத்துக்கு மேல சாதாரணமா இருக்கும், இருபதைத் தாண்டினதும் உண்டு. அப்போ என் பட்டத்தை விட மீனோட ஆயுசு கெட்டி. நான் போன பிறகு இதுங்களை யார் பார்த்துக்கிறது? இதுக்குப் பதில் கிடைக்காம ஒரு மீன்கூட வாங்கக் கூடாதுன்னு முடிவு பண்ணிட்டுத்தான் உப்புப் பாக்கெட்டையே பிரிச்சேன். அந்தப் பதில் எப்படிக் கிடைச்சதுன்னு கீழே வருது.

எடையும் கரண்டும்

20 காலன்னா சுமார் 76 லிட்டர். நீளம் 30 அங்குலம், அகலமும் உயரமும் 12 அங்குலம். கல்லு, மணல் போட்டது போக உள்ளே நிக்கிற தண்ணி 60 லிட்டர் சுமாருக்கு. எல்லாம் சேர்த்து 90 கிலோவுக்கு மேல வரும், ஸ்டாண்டு தனி. ஒரு ஆள் இருபத்திநாலு மணி நேரமும் ஒரே இடத்துல நிக்கிற மாதிரி. அதனால வாடகை ஒப்பந்தத்தைப் படிச்சுட்டு, வீட்டுக்காரர்கிட்ட வாய்வார்த்தையா இல்லாம எழுத்துலயே அனுமதி வாங்கிடுங்க. சுவர் ஓரமா, தரைக்கட்டைகளுக்குக் குறுக்கா வைக்கிறது நல்லது.

ஒயரெல்லாம் பிளக் பாயிண்டுக்குக் கீழே தொங்கி வளைஞ்சு மேல ஏறணும். அப்போ ஒயர் வழியா வழியுற தண்ணி அந்த வளைவுலயே சொட்டிடும், பிளக்குக்குப் போகாது. தண்ணி பட்டா தானாக் கரண்டை நிறுத்துற பிளக் பாயிண்டா இருந்தா இன்னும் நிம்மதி. உப்புத்தண்ணியும் மின்சாரமும் மாமியார் மருமகள் மாதிரி. ஒரே வீட்டுல இருக்கலாம், உரசக் கூடாது.

ஹீட்டர் 100 வாட்டுல ஒண்ணு வைக்காம, 50 வாட்டுல ரெண்டு வச்சிருக்கேன். ஹீட்டர் பழுதாகிறதுல ரெண்டு வகை. அணைஞ்சே போறது ஒண்ணு, அணையாம எரிஞ்சுக்கிட்டே இருக்கிறது இன்னொண்ணு. ரெண்டு சின்னதா இருந்தா, ஒண்ணு செத்தாலும் தண்ணி உடனே ஐஸ் ஆகாது. ஒண்ணு மாட்டிக்கிட்டு எரிஞ்சாலும் உடனே ரசம் ஆகாது. வெப்பம் 25-26 டிகிரி செல்சியஸ். கணக்குப் போட்டுப் பார்த்தா விளக்கு, பம்பு, ஹீட்டர் எல்லாம் சேர்த்து மாசம் 40 யூனிட் வாக்குல. எங்க ஊர் கட்டணத்துல ஆறேழு டாலர். ரெண்டு வேளை வெளிய சாப்பிடலைன்னா சரியாப் போச்சு.

தண்ணி

"கடல் தண்ணிதானே, உப்பைக் கரைச்சா ஆச்சு"ன்னு ரூம்மேட் சமையல் உப்பு டப்பாவைக் காட்டினான். சமையல் உப்பு வெறும் சோடியம் குளோரைடு. கடல்ல மெக்னீசியம், சல்பேட், கால்சியம், பொட்டாசியம்னு ஒரு கூட்டமே இருக்கு. அதுக்குன்னே விக்கிற கடல் உப்புக் கலவை வேணும். லிட்டருக்கு 35லிருந்து 38 கிராம், கம்பெனிக்குக் கம்பெனி கொஞ்சம் மாறும்.

தண்ணியும் குழாய்த் தண்ணி கூடாது. அதுல குளோரமின் இருக்கலாம், பாஸ்பேட் இருக்கலாம், செம்புக் குழாய்ல இருந்து செம்பும் இறங்கலாம். நமக்கு ஒண்ணும் ஆகாத அளவு செம்பு, நத்தைக்கும் பவளத்துக்கும் விஷம். ஆர்.ஓ. வடிகட்டியோட அயனி நீக்குற பிசினும் சேர்ந்த தண்ணிதான் சரி. கடையில காலன் கணக்குல விக்கிறாங்க. கரைஞ்ச உப்பை அளக்கிற பேனா மாதிரி கருவி ஒண்ணு உண்டு. அதுல பூஜ்யம் காட்டணும்.

கடலோட உப்பு ஆயிரத்துக்கு 35 பங்கு. அடர்த்தி எண்ல சொன்னா 1.026 பக்கம். இதை ரிஃப்ராக்டோமீட்டர்னு ஒரு குழல்ல ஒரு சொட்டு விட்டு, வெளிச்சத்தைப் பார்த்துப் படிக்கணும். அந்தக் கருவியை வெறும் நல்ல தண்ணியை வச்சு மட்டும் சரிபார்த்தா போதாது. 35ன்னு அளவு தெரிஞ்ச கரைசலை வச்சுச் சரிபார்த்தாத்தான் நமக்கு வேண்டிய இடத்துல சரியாக் காட்டும்.

இப்போ முக்கியமான இடம். தண்ணி ஆவியாகும், உப்பு ஆகாது! குளிர்காலத்துல வீட்டுக்குள்ள ஹீட்டர் ஓடுறதால காத்து காஞ்சு கிடக்கும். எங்க தொட்டியில ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் காணாமப் போகுது. அஞ்சு நாள் நான் கவனிக்கலைன்னு வைங்க. 60 லிட்டர் 55 ஆகிடும். உள்ளே இருக்கிற உப்பு அதே 2,100 கிராம். 35 பங்கு 38 பங்கு ஆகிடும். அதனால குறையுறதுக்கு எப்பவும் நல்ல தண்ணிதான் ஊத்தணும், உப்புத் தண்ணி இல்லை. சின்னத் தொட்டி சுலபம்னு நினைக்கிறவங்களுக்காக இதைச் சொல்றேன். ஆயிரம் லிட்டர் தொட்டியில அஞ்சு லிட்டர் குறைஞ்சா யாருக்கும் தெரியாது. சின்னத் தொட்டி சின்னச் சம்பளக் குடும்பம் மாதிரி, கொஞ்சம் ஏறி இறங்கினாலே ஆட்டம் கண்டுடும்.

கல்லு, அப்புறம் காத்திருப்பு

கல்லைத் தொட்டிக்குள்ள வச்சு இயற்கையையே வடிகட்டியாக்கலாம்னு 1961லயே ஜகார்த்தாவைச் சேர்ந்த லீ சின் எங்னு ஒருத்தர் எழுதினார். பிறகு பெர்லின்காரங்க உயிர்க்கல், நல்ல வெளிச்சம், நுரை எடுக்கிற கருவி மூணையும் சேர்த்து அதை ஒரு முறையாவே ஆக்கினாங்க. பெர்லின் முறைன்னே பேர். ரகசியம் கல்லோட துளைகள்ல இருக்கு. வெளிப்பக்கத்து பாக்டீரியா அம்மோனியாவை நைட்ரைட்டாக்கும், அப்புறம் நைட்ரேட்டாக்கும். ஆக்சிஜன் எட்டாத உள்துளைகள்ல இருக்கிற வேற ஒரு கூட்டம் நைட்ரேட்டை நைட்ரஜன் வாயுவாக்கிக் காத்துல விட்டுடும். சம்பளமில்லாத துப்புரவுத் தொழிலாளர்கள்!

நான் போட்டது காய்ந்த கல் 9 கிலோ, மணல் 9 கிலோ. கடல்ல இருந்து எடுத்த ஈரக்கல் விலையும் அதிகம், எங்கேயோ ஒரு கடலோட வீட்டைப் பேர்க்கிற கணக்கு வேற. காய்ந்த கல்லுல பாக்டீரியா இருக்காது. புட்டியில வாங்கி ஊத்தி, சாப்பாட்டுக்கு அம்மோனியம் குளோரைடு விட்டு வளர்க்கணும். பத்து லட்சத்துக்கு 2 பங்கு அம்மோனியா விட்டா, 24 மணி நேரத்துல அம்மோனியாவும் நைட்ரைட்டும் ரெண்டுமே பூஜ்யத்துக்கு வரணும். அதுவரைக்கும் மீன் கிடையாது. இதுக்குப் பொதுவா ரெண்டு வாரத்துல இருந்து ஆறு வாரம் ஆகும். எனக்கு ஒன்பதாம் நாள் நைட்ரைட் தலைகாட்டுச்சு, இருபத்தாறாம் நாள் தேறுச்சு.

அந்த இருபத்தாறு நாளும் ரூம்மேட் விட்ட நக்கல் இருக்கே... "டேய், வெறும் தண்ணிக்கு லைட்டு போட்டு உட்கார்ந்து பார்த்துக்கிட்டு இருக்கியேடா!" அந்தக் காலத்துல மீனை விட்டே இதைப் பண்ணுவாங்களாம். மீன் போடுற கழிவுல பாக்டீரியா வளரும், மீன் பிழைச்சா அதிர்ஷ்டம். கடல் தண்ணியோட பி.எச். 8.2 சுமார். அதுல அம்மோனியா நல்ல தண்ணித் தொட்டியில இருக்கிறதை விட அதிகக் கொடுமை. செவுளைக் கரிக்கிற தண்ணியில ஒரு உயிரை விட்டுட்டு, 'எங்கே பார்ப்போம்'னு உட்கார்ந்திருக்கிறதுக்கு, வெறும் தண்ணியைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்கிறது எவ்வளவோ மேல்.

அதுக்கு அடுத்த மாசம் முழுக்க தொட்டி பார்க்கவே சகிக்காது. முதல்ல பழுப்புப் படலம், அப்புறம் பச்சை முடி. எல்லாத் தொட்டிக்கும் இது உண்டு, புதுவீட்டுச் சுண்ணாம்பு வாசனை மாதிரி தானாப் போகும். நத்தை நாலு, துறவி நண்டு மூணு வேலைக்குச் சேர்த்தேன். நத்தையில ட்ரோக்கஸ் நல்ல சாதி. குப்புற விழுந்தா தானே நிமிர்ந்துக்கும்.

மாடிவீட்டு அண்ணன் போட்ட நிபந்தனை

எங்களுக்கு மேல்மாடியில திருச்சிக்காரக் குடும்பம். அவங்க பொண்ணுக்கு ஆறு வயசு. தொட்டி வந்த நாள்ல இருந்து சனிக்கிழமை காலையில ஆஜர். "மாமா, நீமோ எப்போ வரும்? டோரி எப்போ வரும்?"

டோரி வராதுன்னு அளவுநாடாவை வச்சுத்தான் சொன்னேன். அந்த நீலமீன் வளர்ந்தா 30 செ.மீ. வரும். தொட்டியோட நீளமே 76, அகலம் 30. அவளே நாடாவைப் பிடிச்சுப் பார்த்துட்டு, "அப்போ அது திரும்பவே முடியாதா மாமா?"ன்னு கேட்டா. அவ்வளவுதான், டோரி விவகாரம் முடிஞ்சது. (நீமோ விவகாரத்தை மட்டும் அவகிட்ட முழுசாச் சொல்லலை. கோமாளி மீனெல்லாம் ஆணாத்தான் பிறக்கும். ஜோடியில பெரிசு பெண்ணா மாறும். அது செத்துட்டா அடுத்த ஆண் பெண்ணா மாறிடும். 2003ல வந்த படத்துல அம்மா செத்ததும் உண்மையில அப்பாதான் அம்மாவாகி இருக்கணும். அக்கா இதைக் கேட்டுட்டு அரைமணி நேரம் சிரிச்சாங்க.)

அண்ணன்கிட்டே நேராவே கேட்டேன். "நான் படிப்பை முடிச்சுட்டுப் போகும்போது தொட்டியை நீங்க எடுத்துக்குவீங்களாண்ணே? இல்லைன்னா மீன் விடலை, கல்லு மட்டும் இருக்கட்டும்." சும்மா 'சரி தம்பி'ன்னு சொல்வார்னு நினைச்சேன். ஒரு வாரம் டைம் கேட்டார். அடுத்த சனிக்கிழமை ஒரு தாளோட வந்தார். மாசச் செலவு எவ்வளவு, வாரத்துக்கு எத்தனை மணி நேரம், கரண்டு போனா என்ன செய்றது, வருஷா வருஷம் ஊருக்குப் போற நாள்ல யார் பார்க்கிறது... பத்துக் கேள்வி. கடைசியில சொன்னார்: "எடுத்துக்கிறேன் தம்பி. ஆனா பக்கத்து வீட்டுக்காரர் ஒருத்தர்கிட்ட பத்து நாள் ஒப்படைச்சுட்டுப் போற மாதிரி இருக்கணும். அப்படி முடியாத எதையும் உள்ளே விடாதே."

அந்த ஒரு வரிதான் என் தொட்டியில எது இருக்கலாம்னு முடிவு பண்ணுச்சு.

முதல்ல கடல் சாமந்தி அடிபட்டுச்சு. கோமாளி மீன்னாலே சாமந்தி இருக்கணும்னு பலபேர் நினைக்கிறாங்க, தொட்டியில அது அவசியமே இல்லை. சாமந்தி நடமாடும். நகர்ந்து போய் பம்புல மாட்டிச் சிதைஞ்சா, தொட்டி மொத்தமும் போச்சு. ரெண்டாவது, கல்பவளம் வேண்டாம்னு ஆச்சு. அது எலும்பு கட்ட கால்சியமும் காரத்தன்மையும் தினம் தினம் தின்னும், அளந்து அளந்து ஊத்தணும். மென்பவளத்துக்கு வாரம் பத்து சதவீதம், அதாவது 6 லிட்டர் தண்ணி மாத்தினாலே தேவையானது கிடைச்சிடும்.

மூணாவது எனக்கே மனசு வலிச்சது. சோவாந்தஸ்னு பூ மாதிரி இருக்கிற பவளம், விலையும் குறைவு, அழகும் அள்ளும். ஆனா அந்தக் கூட்டத்துல சிலதுல பாலிடாக்சின்னு ஒரு விஷம் இருக்கு. 1971ல ஹவாய்ல இருந்து அதைப் பிரிச்செடுத்து உலகத்துக்குச் சொன்னாங்க. இயற்கையில தெரிஞ்ச விஷங்கள்லயே ரொம்பக் கொடியதுல ஒண்ணு. கல்லைச் சுத்தம் பண்றேன்னு கொதிக்க வச்சு, அந்த ஆவியை மூச்சுல இழுத்து குடும்பத்தோட ஆஸ்பத்திரிக்குப் போனவங்க இருக்காங்க. கையுறையும் கண்ணாடியும் போட்டுக் கவனமாக் கையாளலாம்தான், நிறைய பேர் வச்சிருக்காங்க. ஆனா ஆறு வயசுக் குழந்தை கைவிடப் போற தொட்டி இது. வேண்டாம். நீங்களும் எந்தக் கல்லையும் எந்தக் காரணத்துக்காகவும் கொதிக்க வைக்காதீங்க.

மிச்சம் என்ன இருக்குன்னு கேட்கறீங்களா? காளான் பவளம் மூணு, கென்யா மரம் ஒண்ணு. பச்சை நட்சத்திரப் பவளம் தனிக்கல்லுல இருக்கு, மத்த கல்லுல விட்டா புறம்போக்கு நிலம் மாதிரி வளைச்சுப் போட்டுடும். அப்புறம் தொட்டியிலேயே பிறந்த கோமாளி மீன் ஒரு ஜோடி. மூடி போட்டிருக்கேன், மீன் எகிறும்.

யாரோட கடல்?

தொட்டியிலேயே பிறந்ததுன்னு அழுத்திச் சொன்னதுக்குக் காரணம் இருக்கு. கடல்மீன் வியாபாரத்துல பெரும்பாலானது இன்னிக்கும் கடல்ல பிடிச்சதுதான். 1960கள்ல பிலிப்பைன்ஸ்ல ஆரம்பிச்சது, பவளத்து இடுக்குல சயனைடு கரைசலைப் பீய்ச்சி மீனை மயக்கிப் பிடிக்கிற பழக்கம். மீன்ல நிறைய வழியிலேயே போயிடும், அந்தப் பவளமும் சாகும். இந்தோனேசியாவோட பங்காய் தீவுகளைச் சுத்தி மட்டும் இயற்கையா இருக்கிற பங்காய் கார்டினல் மீனை, பிடிச்சே ஒழிக்கிற அளவுக்குக் கொண்டுவந்து, 2007ல அழியும் நிலைப் பட்டியல்ல சேர்த்தாங்க. அதோட ஆண்மீன் வாய்க்குள்ள முட்டையை வச்சு அடைகாக்கும், அதுவரைக்கும் சாப்பிடாது. அப்படிப்பட்ட அப்பனைத்தான் பிடிச்சு வித்தாங்க.

ஊர்ல இருக்கிற நண்பர் ஒருத்தர், "ராமேஸ்வரம் போறேன், கடல்ல இருந்து ரெண்டு பவளக்கல்லு எடுத்து நானும் தொட்டி வைக்கவா?"ன்னு கேட்டார். வேண்டவே வேண்டாம் சாமி! 2001லயே பவளங்களை வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தோட முதல் அட்டவணையில சேர்த்தாச்சு, புலி இருக்கிற அதே அட்டவணை. மன்னார் வளைகுடாவுல 21 தீவு இருந்தது. சுண்ணாம்புக்கும் கட்டடத்துக்கும் காலங்காலமாப் பவளத்தை வெட்டினதுல, ரெண்டு தீவு கடலுக்குள்ளேயே போயிடுச்சு. அங்கேயே சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்துக்காரங்க 2002ல இருந்து பவளத்துண்டுகளைச் சிமெண்ட் சட்டத்துல கட்டிக் கடலுக்குள்ள நட்டுக்கிட்டு இருக்காங்க. நான் கென்யா மரத்துல ஒரு கிளையை வெட்டி இன்னொரு கல்லுல ஒட்டுறேனே, அடிப்படையில அதே வேலைதான். நான் பொழுதுபோக்குக்குப் பண்றேன், அவங்க போன கடலைத் திரும்பக் கட்டுறாங்க. வித்தியாசம் புரியுதில்ல?

இப்போ பதினோராவது வாரம். போன மாசம் பனிப்புயல்ல அஞ்சு மணி நேரம் கரண்டு இல்லை. பேட்டரி காத்து பம்பும், தொட்டியைச் சுத்திக் கட்டின என் ரெண்டு ரஜாயும் காப்பாத்துச்சு. தண்ணி 23 டிகிரிக்குக் கீழே இறங்கலை. அன்னிக்கு ராத்திரி டார்ச் லைட்டோட மாடியில இருந்து இறங்கி வந்த முதல் ஆள் அண்ணன்தான். "நம்ம மீன் எப்படி இருக்கு தம்பி?"ன்னார். 'உன் மீன்'னு சொல்லலை, கவனிச்சீங்களா?

பாப்பாவுக்கு இப்போ தினம் காலையில ஒரு வேலை இருக்கு. கண்ணாடியில நான் ஒட்டின கோடு வரைக்கும் நல்ல தண்ணி ஊத்தி, நோட்டுல தேதி போட்டு, எத்தனை கப்புன்னு எழுதணும். நேத்து நாலு கப்பு. பக்கத்துல மீன் படம் ஒண்ணு, அதுக்கு மூக்குக் கண்ணாடி வேற.

அடுத்த சனிக்கிழமை, மைனஸ் இருபதுல இட்லி மாவு புளிக்க வைக்கிறது எப்படின்னு பார்ப்போம். மீன் தொட்டி மேல வைக்கலாமான்னு மட்டும் கேட்காதீங்க, ரூம்மேட் ஏற்கெனவே கேட்டுட்டான். :-)

வர்ட்டா?